ஐரிஷ் ஸ்ட்யூ எங்கே கெட்டது? குண்டானைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மார்ச் 17 நெருங்கினால் என் வாட்ஸ்அப்பில் குண்டான் படங்கள் வந்து விழத் தொடங்கும். செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு ஆபீஸில் ஆளுக்கொரு ஐரிஷ் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் ஸ்ட்யூவைத்தான் பிடிப்பார்கள். கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், இதில் என்ன கஷ்டம் என்று சாயங்காலம் தொடங்குவது, இரவு ஒன்பது மணிக்கு “அண்ணா, இது ஏன் இப்படி இருக்கு?” என்று முடியும்.

நானும் கெடுத்தவன்தான். அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் ஸ்ட்யூ கொடுத்தார். மறு வாரமே அதைச் செய்யப்போய் ரப்பரும் கஞ்சியுமாக ஒன்றை இறக்கினேன். நம் குழம்பில் கறி கொஞ்சம் முரடாக இருந்தாலும் மிளகாயும் மல்லியும் மானத்தைக் காப்பாற்றிவிடும். இதில் அந்த மறைப்பு கிடையாது. நான்கு பொருளில் எது தப்பினாலும் அது ஒன்றுதான் வாயில் தெரியும்.

கீழே முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் குண்டானில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும். கறியை மாற்றுவது, அடுப்பைப் பழுதுபார்ப்பது எல்லாம் கடைசியில்.

## ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு

நான்கு பேருக்கு: எலும்போடு ஆட்டுக்கறி 1 கிலோ (கழுத்து அல்லது தோள் பகுதி), உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 3 அல்லது 4 (அரைக் கிலோ வரும்), கேரட் 2, தைம் இரண்டு கொத்து, உப்பு, மிளகுத்தூள், கறியும் வெங்காயமும் மூழ்கும் அளவு தண்ணீர் (முக்கால் லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை), இறக்கும்போது தூவ ஒரு கைப்பிடி பார்ஸ்லி. கேரட்டே போடக்கூடாது என்று சொல்லும் பழைய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் இல்லாதபோது போட்டுக்கொள்கிறேன்.

கிழங்கை இரண்டு தவணையாகப் போடவேண்டும். மூன்றில் ஒரு பங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் கறியோடு அடியில் போட்டால் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மீதியைப் பாதியாகவோ முழுசாகவோ கடைசி நாற்பது நிமிடத்தில் மேலே அடுக்கவேண்டும். லேம்ப் (செம்மறிக் குட்டி) என்றால் மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், மட்டன் (வயதான செம்மறி) என்றால் இரண்டரை மணி நேரம். மூடி போட்டு, மிகக் குறைந்த தீயில்.

## அறிகுறி 1: கறி ரப்பர் மாதிரி இருக்கிறது

எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இதுதான். இதற்குள்ளேயே கிளைகள் உண்டு.

### மெல்ல முடியவில்லை, எலும்பை விட்டுப் பிரியவில்லை

நேரம் போதவில்லை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கொதி வந்ததில் இருந்துதான் கணக்கு, அடுப்பில் ஏற்றியதில் இருந்து அல்ல. ஒரு துண்டை வெளியே எடுத்து முள்கரண்டியால் குத்தித் திருப்பிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் வெந்துவிட்டது. கரண்டியோடு முழுத் துண்டும் சேர்ந்து சுற்றினால் இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மறுபடி குத்திப் பாருங்கள். ‘முக்கால் மணி நேரமாக வேகுது, இன்னும் கல்லு மாதிரி இருக்கு’ என்று பதறுபவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முக்கால் மணி நேரத்தில் கல்லாகத்தான் இருக்கும்.

கிழங்கு ஏற்கெனவே வெந்து கறி மட்டும் வேகவில்லை என்றால், கிழங்கை அரிகரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுக் கறியைத் தொடருங்கள். கடைசி ஐந்து நிமிடம் கிழங்கை மீண்டும் சேர்க்கலாம்.

தீ அதிகம். மூடியைத் திறந்து மேற்பரப்பைப் பாருங்கள். ஒரு விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக மேலே வந்து உடைந்தால் சரி. குண்டான் முழுக்கத் தளதளவென்று கொதித்தால் தப்பு. பக்கத்து வீட்டு அம்மா இதற்குச் சொல்வது, ஸ்ட்யூ சிரிக்கலாம், கெக்கலிக்கக் கூடாது. தீயைக் குறைத்தும் கொதி அடங்கவில்லை என்றால் மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். கேஸ் அடுப்பில் குண்டானுக்கு அடியில் பழைய தோசைக்கல்லைப் போடலாம், பிரியாணிக்குத் தம் போடுவோமே அதேதான். கண்ணாடி மேல்தட்டு உள்ள அடுப்பிலும் இண்டக்‌ஷனிலும் இந்த வேலை வேண்டாம், கண்ணாடி கீறும், சூடு தேங்கி விரிசலும் விடலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஓவன்தான் வழி: 150 டிகிரி, மூடி போட்ட குண்டான், இரண்டு மணி நேரம். கைப்பிடியில் பிளாஸ்டிக் இல்லையே என்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள். ஒரு முறை அந்த வாசனையை மோந்தவன் சொல்கிறேன்.

லேம்ப் என்று நினைத்து மட்டன் வாங்கிவிட்டீர்கள். நாம் மட்டன் என்றால் வெள்ளாட்டுக்கறியும் சேர்த்துத்தான். இங்கே மட்டன் என்றால் வயதான செம்மறி மட்டுமே. லேம்ப் என்றால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள் உள்ள குட்டி. சூப்பர் மார்க்கெட்டில் மட்டன் கண்ணில் படுவது அரிது. ஹலால் கடையில் கிடைக்கும், வெள்ளாடும் கிடைக்கும். ருசிக்கு மட்டன்தான், பழைய நாளில் ஸ்ட்யூ அதில்தான் செய்தார்கள். ஆனால் கூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் கேட்கும். அவசரமென்றால் கறியை மட்டும் குக்கரில் போட்டு, வெயிட் ஏறியபின் தீயைக் குறைத்து இருபது இருபத்தைந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் சேருங்கள். கிழங்கையும் சேர்த்துக் குக்கரில் போட்டவர்கள் அறிகுறி 2-க்குப் போகவும்.

### நார் நாராக உதிர்கிறது, ஆனால் சக்கை மாதிரி வறண்டிருக்கிறது

இது வேகாத கறி அல்ல. வெந்துவிட்டது, ஆனால் ஸ்ட்யூவுக்கு ஆகாத பகுதி. தொடைக்கறியையும் லாயின் சாப்பையும் (முதுகுப் பகுதித் துண்டு) இரண்டு மணி நேரம் வேகவைத்தால் இப்படித்தான் ஆகும். விலை அதிகமானதை வாங்கினால் ஸ்ட்யூ நன்றாக வரும் என்று நினைப்பதுதான் இந்த ஊரில் நாம் செய்கிற விலையுயர்ந்த தப்பு. இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. கறியைச் சின்னதாகப் பிய்த்துக் குழம்பிலேயே ஊறவிட்டுப் பரிமாறுங்கள்.

‘டைஸ்டு லேம்ப்’ என்று துண்டு போட்டு விற்கும் பாக்கெட்டில் பல பகுதிகள் கலந்து வரலாம். ஒரு துண்டு வெண்ணெயாகவும் பக்கத்துத் துண்டு ரப்பராகவும் இருந்தால் காரணம் அதுதான், உங்கள் கை அல்ல.

### எப்போது கறிக்கடைக்காரரிடம் போவது

இரண்டு தடவை நேரமும் தீயும் சரியாக வைத்தும் கறி சரிவரவில்லை என்றால் பாக்கெட்டை விட்டுவிட்டுக் கடைக்கே போங்கள். கார்க்கில் இங்கிலிஷ் மார்க்கெட் இருக்கிறது. 1788-இல் இருந்து இருக்கிற சந்தை. அங்கே நின்று ‘ஸ்ட்யூவுக்கு, நான்கு பேருக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள், எந்தப் பகுதி என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்களே பெயர் சொல்லிக் கேட்பதென்றால் கழுத்துக்கு ‘நெக்’, தோள் பகுதித் துண்டுகளுக்கு ‘ஜிகட் சாப்ஸ்’. எழுதுவது வேறு மாதிரி, பிரெஞ்சுப் பெயர், ஆனால் அயர்லாந்தில் உச்சரிப்பு ஜிகட்தான். பிரான்சில் அந்தப் பெயர் தொடையைக் குறிக்கும், இங்கே தோளை. பிரெஞ்சுச் சமையல் குறிப்பைப் பார்த்து ஸ்ட்யூ செய்யப்போய் மாட்டியவர்கள் உண்டு.

இன்னொன்று. கார்க்கில் ஆண்களைப் பேச்சுக்குப் பேச்சு ‘பாய்’ என்பார்கள், பையன் என்பதற்கான இங்கத்து உச்சரிப்பு அது. எங்கள் ஊரில் கறிக்கடைக்காரரைப் பாய் என்று நான் கூப்பிடுவேன். இங்கே கறிக்கடைக்காரர் என்னைப் பாய் என்று கூப்பிடுகிறார். முதல் நாள் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

### எப்போது அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுவது

குண்டானில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிபோட்டு, அடுப்பை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். இருபது நிமிடம் கழித்தும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால், முதலில் சின்ன பர்னருக்கு மாற்றிப் பாருங்கள். மின்சார அடுப்பில் குறைத்து வைத்தும் வளையம் அணைந்து அணைந்து எரியாமல் முழுச் சிவப்பாகவே நின்றால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். அயர்லாந்தின் வாடகை வீட்டு விதிகளின்படி நான்கு அடுப்பு ஹாப்பும் ஓவனும் பெரும்பாலான வாடகை வீடுகளில் அவர் தரவேண்டியவை.

கேஸ் அடுப்பில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ குண்டான் அடியில் கரி படிந்தாலோ சமையலை நிறுத்துங்கள். அது ஸ்ட்யூ பிரச்சினை இல்லை, கார்பன் மோனாக்சைடு பிரச்சினை. இங்கே வீட்டு கேஸ் வேலையை ஆர்.ஜி.ஐ. (பதிவு பெற்ற கேஸ் பணியாளர்) பதிவு உள்ளவர் மட்டுமே செய்யலாம், அது சட்டம். ‘எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு’ என்பவரைக் கூப்பிடவேண்டாம்.

## அறிகுறி 2: உருளைக்கிழங்கு காணாமல் போய்விட்டது

மூடியைத் திறந்தால் கறித்துண்டுகள் கஞ்சியில் மிதக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டீர்கள். மேலே சொன்ன இரண்டு தவணை முறையைப் பாருங்கள். அதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

கிளறினீர்கள். நம் கைக்குக் கரண்டி சும்மா இருக்காது. மேல் கிழங்கு போட்டபின் கரண்டி உள்ளே போகவே கூடாது. அடி பிடிக்குமோ என்ற பயம் இருந்தால் குண்டானின் இரண்டு காதையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள், போதும்.

சின்னதாக நறுக்கினீர்கள். பொரியலுக்கு நறுக்கும் அளவு இங்கே ஆகாது. முட்டை அளவுக் கிழங்கை முழுசாகப் போடுங்கள், பெரியதைப் பாதியாக.

கிழங்கின் வகை. அயர்லாந்தில் நல்ல கிழங்கு என்றாலே மாவாக உதிர்வதுதான். வெந்ததும் தோல் வெடித்துப் பூப்போல விரிந்தால் ‘மாவு உருண்டை’ என்று கொண்டாடுவார்கள். தட்டில் வெண்ணெயோடு சாப்பிட அது அருமை, ஸ்ட்யூவில் கவனம் வேண்டும். கோல்டன் வொண்டர் மிகவும் மாவு. மேலே அடுக்கினால் அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், ஆனால் அடியில் கரையவைக்க அதைப்போல வேறில்லை. கெர்ஸ் பிங்க் மாவு வகைதான், பெரிய துண்டாகப் போட்டால் சமாளிக்கும். சிவப்புத் தோல் ரூஸ்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். கார்லோவில் உள்ள ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த வகை, இரண்டு வேலைக்கும் பழுதில்லை. எனக்கு அதுவே போதும். சார்லட் மாதிரி மெழுகுபோல் கட்டியாக நிற்கும் வகையை மட்டுமே போட்டால் கிழங்கு அழகாக நிற்கும், குழம்பு கெட்டியாகாது.

ஏற்கெனவே கரைந்துவிட்டதா? அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, தனியாக நாலு கிழங்கை உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தட்டில் வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் குறை சொல்லமாட்டார்கள், இந்த ஊரில் கூடுதல் கிழங்கை யாரும் வேண்டாம் என்று நான் பார்த்ததில்லை.

### நேர் எதிர்: கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது

முதலில் கிழங்கு குழம்புக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் கிழங்கு ஆவியில்தான் வேகிறது, மூடி விலகியிருந்தால் வேகாது. அடுத்து, தக்காளியோ வைனோ எலுமிச்சையோ சேர்த்தீர்களா? புளிப்பு உள்ளே போனால் கிழங்கு ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்று இருக்கும். புளிப்புள்ள எதையும் கிழங்கு வெந்த பிறகு சேருங்கள், அல்லது சேர்க்காமல் விடுங்கள். ஐரிஷ் ஸ்ட்யூவில் தக்காளிக்கு வேலையே இல்லை.

ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். எட்டு மணி நேரம் வைத்தும் கிழங்கு பச்சையாக இருக்கும், கறி பஞ்சாக இருக்கும். அதில் அடுக்கைத் தலைகீழாக்குங்கள்: கிழங்கு அடியில், கறி மேலே, தண்ணீரைச் சூடாக ஊற்றவேண்டும், நடுவில் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. இன்றைக்கு மாட்டிக்கொண்டீர்கள் என்றால் கிழங்கை மட்டும் எடுத்து வேறு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் திரும்பச் சேருங்கள்.

## அறிகுறி 3: குழம்பு ரசம் மாதிரி ஓடுகிறது

தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான். கறியும் வெங்காயமும் தங்கள் பங்குக்குத் தண்ணீர் விடும் என்பதை மறந்து கிழங்கு மூழ்கும்வரை ஊற்றுவதால் வருவது.

வெந்த கிழங்கில் மூன்று நான்கை எடுத்து மசித்துத் திரும்பக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். போதவில்லை என்றால் கறியையும் கிழங்கையும் எடுத்துவைத்துவிட்டுக் குழம்பை மட்டும் திறந்து வைத்து வற்றவிடுங்கள். கான்ஃபிளாரைக் கரைத்து ஊற்றவேண்டாம். பளபளவென்று சைனீஸ் சூப் மாதிரி ஆகிவிடும். உப்பைக் கெட்டியான பிறகு பாருங்கள், வற்றினால் உப்பு ஏறும்.

பார்லி போடுவது ஒரு வழி. தொடக்கத்திலேயே ஐம்பது கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வெந்து குழம்பை இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் குண்டானைத் திறந்தால் குழம்பே இருக்காது, பொங்கல் பதத்தில் ஒன்று இருக்கும். கெட்டுப்போகவில்லை, பார்லி குடித்துவிட்டது. வெந்நீர் ஊற்றிச் சூடுபண்ணுங்கள்.

## அறிகுறி 4: மேலே எண்ணெய்ப் படலம், வாயில் மெழுகு ஒட்டுகிறது

செம்மறிக் கொழுப்பு ஆறினால் சட்டென்று உறையும், அண்ணத்தில் ஒட்டும். உடனே பரிமாறவேண்டும் என்றால் தீயை நிறுத்திப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தேங்கியதை அகலக் கரண்டியால் வழித்தெடுங்கள். தட்டுகளை வெந்நீரில் கழுவிச் சூடாகவே வைத்துப் பரிமாறுங்கள். குளிர்ந்த பீங்கான் தட்டுதான் பாதிக் குற்றவாளி. நேரம் இருந்தால் ஒரு நாள் முன்பே கறியை வேகவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக மேலே நிற்கும், கையால் எடுத்துப் போடலாம். அதற்குப் பிறகு கிழங்கு சேர்த்து முடியுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போதே ‘மேல் கொழுப்பை வெட்டிக் கொடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். முழுவதும் வெட்டச் சொல்லவேண்டாம், ருசி அதில்தான் இருக்கிறது.

## அறிகுறி 5: சப்பென்று இருக்கிறது

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கரம் மசாலா டப்பாவைத் திறப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டிக் குழம்பை எடுத்து ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி ருசி பாருங்கள். பத்துக்கு எட்டு முறை அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். கிழங்கு நிறைய உப்பு கேட்கும். கறிக்குப் போட்ட உப்பு கிழங்குக்குப் போதாது. உப்பு சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் மிளகை அரைத்துப் போடுங்கள். வெள்ளை மிளகு இங்கத்து வீட்டுப் பழக்கம், கறுப்பும் தப்பில்லை.

இரண்டும் சரி என்றால் வெங்காயம் குறைந்திருக்கும். ஒன்றிரண்டு வெங்காயம் போட்டுவிட்டு ஸ்ட்யூவைக் குறை சொல்லக்கூடாது. இந்தச் சாப்பாட்டில் இனிப்பும் வாசனையும் அதில் இருந்துதான் வரவேண்டும். இன்றைக்குத் தப்பிக்க, இரண்டு வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிச் சேருங்கள்.

எலும்பு இல்லாத கறியும் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் ஒரு ஸ்டாக் க்யூபில் பாதி, முழுசு அல்ல. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு மறுநாள் சாப்பிடுங்கள். மறுநாள் ஸ்ட்யூ வேறு ஜாதி. நம் மீன்குழம்பு மாதிரிதான்.

கறியை முதலில் எண்ணெயில் சிவக்க வறுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பழைய வெள்ளை ஸ்ட்யூவில் வறுப்பதில்லை, எல்லாம் பச்சையாகவே குண்டானுக்குள் போகும். வறுத்தால் நிறமும் ருசியும் மாறும், நன்றாகவும் இருக்கும். ஆபீஸ் விருந்தில் எழுபது வயது ஐரிஷ்காரர் இருந்தால் வறுக்காதீர்கள். இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்தால் நாகர்கோவில் பக்கத்து இஷ்டு ஆகிவிடும். அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

### எதிர்ப்பக்கம்: உப்பு ஏறிவிட்டது

அநேகமாக க்யூப் முழுசாகப் போட்டிருப்பீர்கள். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். இந்தக் குண்டானில்தான் ஏற்கெனவே ஒரு கிலோ கிழங்கு இருக்கிறதே, உறிஞ்சியிருக்கவேண்டாமா? குழம்பில் கால் பங்கை எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள், உப்பில்லாமல் தனியாக வேகவைத்த கிழங்கை மசித்துக் கலந்து கெட்டியாக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்குவதுதான் வழி.

## அறிகுறி 6: கவிச்சி வாடை

வெள்ளாட்டுக்குப் பழகிய மூக்குக்குச் செம்மறி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். வாடை கொழுப்பில் இருக்கிறது, வெட்டினால் குறையும். அது போதாதவர்களுக்கு: கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டி, கறியைக் கழுவி, புதுத் தண்ணீரில் தொடங்குங்கள். சாம்பல் நிற நுரையும் இதோடு போய்விடும், குழம்பு தெளிவாக இருக்கும். தைம் கூடுதலாக ஒரு கொத்து.

கறி பச்சையாக இருக்கும்போதே புளிப்பு வாடை வந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ கழுவிப் பார்க்காதீர்கள். பில்லோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 7: கசக்கிறது

ஸ்டவுட் பீர் ஊற்றினீர்களா? அது மாட்டுக்கறி ஸ்ட்யூவுக்கு. ஐரிஷ் ஸ்ட்யூவுக்குத் தண்ணீர்தான். வற்ற வற்றக் கசப்பு ஏறும், அதனால் வற்றவிட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தண்ணீரும் வதக்கிய வெங்காயமும் இரண்டு கேரட்டும் சேர்த்து ஒரு டீஸ்பூன் சர்க்கரை போடுங்கள். கார்க்கில் இருந்துகொண்டு கின்னஸ் ஊற்றினேன் என்று வெளியில் சொல்லவும் வேண்டாம், இங்கே மர்ஃபீஸும் பீமிஷும்தான் சொந்தச் சரக்கு.

பீர் ஊற்றவில்லை, ஆனாலும் கசக்கிறது என்றால் கிழங்கைப் பாருங்கள். பச்சை படர்ந்த கிழங்கு, முளை விட்ட கிழங்கு கசக்கும். பச்சை லேசாக இருந்தால் நறுக்கும்போதே தாராளமாகச் சீவிவிடலாம், நிறைய இருந்தால் கிழங்கையே தூக்கிப்போடவேண்டும். ஸ்ட்யூ முழுக்கவே கசந்தால் சாப்பிடாதீர்கள். பத்து கிலோ மூட்டையை ஜன்னலோரம் வைக்கும் வழக்கத்தை நிறுத்தினால் இது திரும்ப வராது.

## அறிகுறி 8: அடி பிடித்துவிட்டது

சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து, மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு துண்டு ருசி பாருங்கள். தீய்ந்த ருசி ஏறவில்லை என்றால் வெந்நீர் ஊற்றித் தொடரலாம். ஏறிவிட்டது என்றால் எந்தப் பொருளும் அதை மறைக்காது. பிரெட் துண்டு போடுங்கள், பால் ஊற்றுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு அடிபிடித்த ஸ்ட்யூவில் பிரெட் மிதந்ததைத்தான் கண்டேன்.

அடியில் போட்ட கிழங்கு வில்லைகள் பிடிக்கும், பார்லி அதைவிடப் பிடிக்கும். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு முறை அடியைத் துழாவிவிடுங்கள். மேல் கிழங்கு போட்ட பிறகுதான் கரண்டிக்குத் தடை. மெல்லிய ஸ்டீல் பாத்திரம் என்றால் ஒவ்வொரு முறையும் பிடிக்கும். கனமான அடி உள்ள குண்டான் ஒன்று வாங்குவதுதான் இதில் உள்ள ஒரே பெரிய செலவு. கனமான குண்டானிலும் எப்போதும் ஒரே பக்கம் மட்டும் கருகினால் கேஸ் பர்னர் துளை அடைத்திருக்கும். ஆறிய பிறகு பர்னர் மூடியைக் கழுவி, குச்சியால் துளைகளைக் குத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் தீ ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிந்தால் மேலே சொன்ன பதிவு பெற்ற ஆள்.

## அறிகுறி 9: கிழங்கு கறுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது

ருசியில் குறை இல்லை என்றால் சாப்பிடலாம். சில கிழங்குகள் வெந்து ஆறும்போது காற்றுப் பட்டு இப்படி ஆகும். எனாமல் பூச்சில்லாத இரும்புச் சட்டியில் செய்தால் கூடுதலாகத் தெரியும். பாத்திரத்தை மாற்றுங்கள், போதும்.

## அறிகுறி 10: மறுநாள் நுரைத்திருக்கிறது, புளித்த வாடை

‘குளிர் ஊர்தானே, வெளியே இருந்தால் என்ன’ என்று அடுப்பிலேயே விட்டுத் தூங்கிவிடுவார்கள். வெளியேதான் குளிர். சமையலறையில் ஹீட்டிங் ஓடுகிறது, கனமான குண்டான் நடுராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்னத் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை (70 டிகிரி) சூடாக்குங்கள், ஒரு முறைதான். ஃபிரீசரில் வைப்பதென்றால் கிழங்கை எடுத்துவிட்டு வையுங்கள், உறைந்து உருகிய கிழங்கு மணல் மாதிரி ஆகிவிடும்.

சாப்பிட்டபின் வாந்தியும் பேதியும் வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இரத்தம் கலந்து போனாலும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ என்றாலும் காத்திருக்காமல் ஜி.பி.யை (குடும்ப மருத்துவரை) கூப்பிடுங்கள்.

நுரைத்த குண்டானைக் கொதிக்கவைத்துக் காப்பாற்றலாமா என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இதற்கு மட்டும் படம் அனுப்பவேண்டாம்.